வண்டிப் பாதைகளை வரைபடத்தில் சேருங்கள்: மலைநாட்டில் சைக்கிள் பாதைகளைத் திட்டமிடும் அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

ஐயா, அம்மணி,

சென்ற மாதம் நீங்கள் கூட்டிய கூட்டத்தில் நானும் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். மலைநாட்டுக்குச் சைக்கிள் ஓட்ட வருகிறவர்களுக்கென்று நீங்கள் தீர்மானித்திருக்கும் பாதைகளைத் திரையில் காட்டினீர்கள். சிவப்புக் கோடு கம்பளையிலிருந்து புசல்லாவை, இறம்பொடை வழியாக நுவரெலியாவுக்கு. நீலக் கோடு ஹட்டனிலிருந்து தலவாக்கலை, நானுஓயா வழியாக அதே நுவரெலியாவுக்கு. பச்சைக் கோடு நோர்வூட், மஸ்கெலியா தாண்டி நல்லதண்ணிக்கு. முதல் இரண்டும் ஏ5, ஏ7 பிரதான வீதிகள். மூன்றாவது, ஹட்டன் பக்கமாகச் சிவனொளிபாதமலைக்கு வருகிற பஸ்களெல்லாம் ஏறி இறங்குகிற வீதி. தேயிலைத் தோட்டங்களுக்குள் போகிற பழைய வண்டிப் பாதைகளில், அதாவது தோட்டப் பாதைகளில், ஒன்றுகூட இல்லையே என்று எழுந்து கேட்டேன். “அவை யாருக்குச் சொந்தம் என்று தெளிவில்லை, அதனால் இந்தக் கட்டத்தில் சேர்க்க முடியாது” என்று ஒரே வரியில் பதில் சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டீர்கள்.

அந்தப் பதிலை ஏற்றுக்கொள்ள முடியாததால்தான் இதை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

நான் தலவாக்கலைப் பக்கம் சைக்கிள் திருத்தும் சின்னக் கடை வைத்திருப்பவன். அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்டமொன்றில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்தவன். விடுமுறை நாட்களில் கொழும்பிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் வருகிறவர்களுக்கு வழிகாட்டியாகப் போவேன். தோட்டத்துப் பிள்ளைகள் சிலருக்கு ஏற்றத்தில் எப்படி மிதிப்பது, இறக்கத்தில் எப்படி பிரேக் பிடிப்பது என்று சொல்லிக்கொடுப்பேன். எந்த ரோட்டு சைக்கிளை என்ன செய்யும் என்பது கடை வாசலில் வண்டியைச் சாய்த்து வைக்கும்போதே எனக்குத் தெரிந்துவிடும்.

பிரதான வீதியில் ஓடி வருகிற சைக்கிளுக்குப் பெரும்பாலும் முன் ரிம்தான் கோணியிருக்கும். ஏன் என்று சொல்கிறேன். ஒவ்வொரு தடவையும் பழைய தாரின் மேலேயே இன்னொரு படை கார்பெட் போடுகிறார்கள். வீதி உயர்ந்துகொண்டே போகிறது, ஓரம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. சில வளைவுகளில் தாரின் விளிம்புக்கும் மண்ணுக்கும் நடுவே அரைச் சாண் இறக்கம், அதை ஒட்டியே மூடி இல்லாத கான், அதாவது வடிகால். பின்னால் பஸ் ஹோர்ன் அடித்தால் சைக்கிள்காரன் இடது பக்கம் ஒதுங்குவான். முன் சக்கரம் விளிம்பைவிட்டுக் கீழே இறங்கும். திரும்ப மேலே ஏற்றப் பார்க்கும்போது டயர் அந்த விளிம்பில் உரசும், ஹேண்டில் சட்டென்று வெட்டும், ஆள் வீதிக்குள்ளே விழுவான். கானுக்குள் விழுந்தால் புண்ணியம். ரிம்மோடு போனால் அது என் வேலை. நான் கம்பிகளைத் தளர்த்தி இறுக்கிச் சரிபண்ணிக் கொடுத்துவிடுவேன். அந்த நேரத்தில் பின்னால் வந்த பஸ்ஸுக்குப் பிரேக் பிடிக்காமல் போனால் அது என் கையில் இல்லை.

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. 2025 மே மாதம் இறம்பொடை கெரண்டி எல்லப் பகுதியில் பஸ் ஒன்று பள்ளத்தில் விழுந்து 20 பேருக்கு மேல் இறந்தார்கள். அது உங்கள் சிவப்புக் கோட்டின் மேலேயே இருக்கிற இடம். அதே ஆண்டு செப்டம்பரில் எல்ல – வெல்லவாய வீதியில் இன்னொரு பஸ், 15 உயிர். 2023 ஜனவரியில் நானுஓயா றதல்ல குறுக்கு வீதியில் பஸ்ஸும் வானும் ஓட்டோவும் மோதி ஏழு பேர். இரும்புக்கூட்டுக்குள் இருந்தவர்களுக்கே இந்த நிலை என்றால், மேலே ஒரு ஹெல்மெட்டும் கீழே இரண்டு விரல் அகல டயரும் மட்டும் உள்ளவனை அந்த வீதிக்கு விருந்தாளியாக அழைப்பது என்ன நியாயம்?

இன்னொன்றையும் நீங்கள் யோசித்ததாகத் தெரியவில்லை: பருவம். எங்கள் மேற்குச் சரிவில் மே மாதத்திலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலையில் அந்தக் காலத்தில் பனிமூட்டத்துக்குள் பத்து அடி தள்ளி நிற்கிற ஆள் தெரியமாட்டார். நனைந்த ரிம்மில் பிரேக் கட்டை பிடிக்க நேரமெடுக்கும். இறக்கத்தில் அந்த ஒரு விநாடியில் வளைவு வந்துவிடும். ஆக, இங்கே நிம்மதியாகச் சைக்கிள் ஓட்ட ஏற்றது ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரைதான். சரி, அந்த மாதங்களில் உங்கள் மூன்று வீதிகளிலும் என்ன நடக்கிறது? சிவனொளிபாதமலை யாத்திரை டிசம்பர் பௌர்ணமிப் போயாவில் தொடங்கி மே மாத வெசாக் வரை நீளும். இரவெல்லாம் பஸ், விடிந்தால் தூக்கக் கண்ணோடு இறங்குகிற வான். ஏப்ரலில் நுவரெலியா வசந்த காலம். கொழும்பில் இருக்கிற கார் பாதி அப்போது ஏ5இலும் ஏ7இலும்தான் நிற்கும். டெவோன், சென் கிளேயர் நீர்வீழ்ச்சிகளைக் கண்டதும் வளைவென்றும் பார்க்காமல் நடுரோட்டில் நிறுத்திப் படம் எடுப்பார்கள். சைக்கிளுக்கு நல்ல காலமும் வாகன நெரிசலின் உச்சமும் ஒரே காலம். இந்த ஒன்றுக்காகவே அந்த மூன்று கோடுகளையும் அழித்திருக்க வேண்டும். அந்த மழை மாதங்களில் வெலிமடை, அப்புத்தளைப் பக்கம் வறண்ட கச்சான் காற்றில் காய்ந்து கிடக்கும்; அங்கே பாதை போட்டிருந்தால் ஆண்டு முழுவதும் எங்காவது ஓட்டலாம். உங்கள் படத்தில் அந்த ஊர்கள் இருக்கிற ஊவா மாகாணமே இல்லை.

இனி நீங்கள் விட்டுவிட்ட பாதைகளுக்கு வருகிறேன்.

1885இல் ரயில் நானுஓயாவை எட்டியது. அந்தக் காலத்தில் தோட்டத்துத் தேயிலைப் பெட்டியை ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்தது மாட்டு வண்டி. மாட்டால் செங்குத்தான ஏற்றத்தில் பாரம் இழுக்க முடியாது. அதனால் அந்தப் பாதைகளை மலையைச் சுற்றிச் சுற்றி, ஓயாவின் கரையை விடாமல், மெதுவாக ஏறும்படி வெட்டினார்கள். வெட்டியவர்கள் எங்கள் பாட்டன் பூட்டன்மார். மாடு பாரத்தோடு ஏறக்கூடிய ஏற்றம் மனுஷனும் மிதித்து ஏறக்கூடிய ஏற்றம். சைக்கிளுக்கென்று இன்று ஒரு பொறியியலாளரைக் கூப்பிட்டு மலையில் பாதை வரையச் சொன்னாலும், கிட்டத்தட்ட அதே கோட்டைத்தான் வரைவார்.

எடுத்துக்காட்டாக லிந்துலையிலிருந்து அக்கரப்பத்தனை, டயகம வரை ஆக்ரா ஓயாப் பள்ளத்தாக்கு. ஹோட்டன் சமவெளியில் ஊறி வருகிற தண்ணீர் பக்கத்திலேயே இறங்கி வந்துகொண்டிருக்கும். அது கொத்மலை ஓயாவில் சேர்ந்து, தலவாக்கலையில் மேல் கொத்மலை அணையைத் தொட்டு, மகாவலிக்குப் போகிறது. பஸ் போகிற ரோட்டு ஒரு கரையில். எதிர்க்கரையில் தோட்டத்தின் ஒவ்வொரு பிரிவுக்கும், டிவிஷனுக்கு டிவிஷன், வண்டிப் பாதை. காலையில் கொழுந்து லொறி ஒன்று, அப்புறம் பால் எடுக்க வருகிற ஓட்டோ, அவ்வளவுதான் போக்குவரத்து. வட்டகொடையிலிருந்து பூண்டுலோயாவுக்கு இறங்குகிற பக்கத்திலும் இப்படித்தான்: கிரேட் வெஸ்டன் மலை பின்னால் நிற்க, பிரதான வீதியைத் தொடாமலே ஓட்டிக்கொண்டு கொத்மலைப் பக்கம் போய்விடலாம். பொகவந்தலாவையில் கெஹெல்கமு ஓயாவை ஒட்டி வந்து காசல்ரீ நீர்த்தேக்கத்தைச் சுற்றுகிற பாதைகளை நான் அழைத்துப்போன எவரும் மறந்ததில்லை. நுவரெலியாவுக்கு 1,868 மீட்டர் ஏறினேன் என்று பெருமை பேச வருகிறவர்கள்கூட, திரும்பிப் போகும்போது கேட்பது இந்தப் பள்ளத்தாக்குகளைப் பற்றித்தான்.

அந்தப் பாதைகள் நல்ல நிலையில் இருக்கின்றன என்று நான் பொய் சொல்லமாட்டேன். அங்கிருந்து வருகிற சைக்கிளுக்கு ரிம் கோணாது, டயரின் பக்கம் கிழிந்திருக்கும். மழையில் மண் அரித்துப்போய்க் கருங்கல் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. ஏற்றங்களில் கொங்கிரீட் போட்டிருக்கிறார்கள், ஆனால் வழுவழுவென்று பூசிவிட்டதால் ஒரே மழைக்காலத்தில் பாசி பிடித்துவிடுகிறது. ஈரம் காய்வதற்குள் விளக்குமாற்றால் குறுக்கே கோடு இழுத்திருந்தால் செலவில்லாமல் பிடிமானம் கிடைத்திருக்கும். தண்ணீர் குறுக்கே ஓடுகிற இடங்களில் பழைய தண்டவாளத் துண்டுகளை நீளவாக்கில் அடுக்கி மூடியிருக்கிறார்கள். லொறிக்குப் போதும். சைக்கிள் டயர் அந்த இடைவெளிக்குள் நேராக இறங்கிவிடும், ஆள் ஹேண்டிலுக்கு மேலால் போவான். மேலே குறுக்காக நான்கு இரும்புப் பட்டையை வெல்டிங் வைத்தால் முடிகிற வேலை. ஒரு நாள் கூலியும் கொஞ்சம் பழைய இரும்பும். இதற்கு வெளிநாட்டுக் கடன் வேண்டியதில்லை.

“யாருக்குச் சொந்தம் என்று தெளிவில்லை” என்றீர்கள். தோட்டக் காணிகளை 1972இலும் 1975இலும் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. 1992இல் நிர்வாகத்தைத்தான் கம்பனிகளிடம் கொடுத்தது, காணி குத்தகைக்கு. குத்தகைக்காரர் வீட்டுக்குள் இருப்பதால் வீடு யாருடையது என்று தெரியவில்லை என வீட்டுக்காரரே சொன்னால் எப்படி? பிரதேச சபைகளிடம் போனால், 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தில் 33ஆவது பிரிவு இருக்கிறது, தோட்டப் பாதைக்குச் சபைப் பணத்தைச் செலவு செய்ய முடியாது என்று எத்தனையோ வருடம் கையை விரித்தார்கள். எங்கள் வரியில்லாத சபையா, எங்கள் வாக்கில்லாத சபையா என்று கேட்டுக் கேட்டு அலுத்தோம். ஒருவழியாக 2018இல் அந்தச் சட்டத்தைத் திருத்தினார்கள். இன்றைக்குச் சட்டம் தடையில்லை. மனம்தான் இல்லை.

அதுவும் போகட்டும். கண்டி ஹந்தானையில் தொடங்கி ஹட்டன், அப்புத்தளை, எல்ல என்று சுற்றி நுவரெலியாவில் முடிகிற பெக்கோ ட்ரெயில் நடைபாதை 300 கிலோமீட்டருக்கு மேல், 22 பகுதிகள். அது போவது எங்கே? இதே தோட்டப் பாதைகளில்தான். கால்நடையாகப் போகிறவர்களுக்குத் தோட்டப் பாதையின் சொந்தக்காரர் தெரிந்துவிட்டது, சைக்கிளுக்கு மட்டும் தெரியவில்லை.

நான் மிகவும் கோபப்பட்ட விஷயத்தை இப்போது சொல்கிறேன். எங்கள் பகுதியில் ஒரு தோட்டத்துப் பாதை. பெயர் வேண்டாம். பழைய துரை பங்களாவை விருந்தினர் விடுதியாக மாற்றிய பிறகு பாதைக்குக் குறுக்கே கேட் போட்டுச் சங்கிலி மாட்டினார்கள். விடுதியில் தங்குகிறவர்கள் அங்கேயே சைக்கிள் வாடகைக்கு எடுத்து அந்தப் பாதையில் சுற்றுகிறார்கள். நான் பழக்குகிற பிள்ளைகளோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனபோது வாச்சர் கேட்டைத் திறக்கவில்லை. பாவம், தெரிந்த மனுஷன்தான். “தம்பி, நீங்க யாருன்னு எனக்குத் தெரியும். இந்தப் புள்ள நம்ம மேல் டிவிஷன் ராமாயி பேத்தி. ஆனா பெரிய எடத்துல இருந்து சொல்லிட்டாங்க, ரூம் சீட்டு இல்லாம சைக்கிள விடாதேன்னு” என்றார். அந்தப் பிள்ளை அப்பாவின் பழைய லுமாலா சைக்கிளில் சீட்டைத் தணித்துப் போட்டு ஓட்டுகிறவள். அவளுடைய பாட்டி கூடையைச் சுமந்து நடந்த பாதை அது. எதிர்த்து ஒன்றும் பேசவில்லை, சைக்கிளைத் திருப்பி வைத்துக்கொண்டு, “அப்ப மெயின் ரோட்டாலயே போவோமா மாமா?” என்று கேட்டாள். மெயின் ரோட்டால்தான் போனோம், லொறிகளோடு.

நீங்கள் தோட்டப் பாதைகளைத் திட்டத்துக்கு வெளியே விடும்போது இதுதான் நடக்கும். பொதுப் பாதை என்று எழுத்தில் இல்லாததை முதலில் கேட் போடுகிறவன் எடுத்துக்கொள்வான். இந்த மலைநாட்டில் சைக்கிள் பாதை என்றால் சுற்றுலாப் பயணி மட்டும்தான் உங்கள் கண்ணுக்குத் தெரிகிறார். 2022இல் பெற்றோல் இல்லாமல் நாடே வரிசையில் நின்றபோது, வேலைக்கும் டவுனுக்கும் சைக்கிளில் போனவர்கள் என் கடை வாசலில் நின்றார்கள். உதிரிப் பாகம் கிடைக்காமல் ஒரு வண்டியைக் கழற்றி இன்னொன்றுக்குப் போட்டோம். இன்றும் மேல் டிவிஷனிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு நடக்கிற பிள்ளைக்குப் பாதை மட்டும் சரியாக இருந்தால் சைக்கிள் போதும். 1990 என்ற எண்ணுக்கு அழைத்தால் வருகிற அம்புலன்ஸ் லயத்து வாசல் வரை வர வேண்டுமானாலும் இதே பாதைதான். வெள்ளைக்காரர் ஓட்டுகிறார் என்பதற்காகவாவது போடுங்கள் என்று கேட்கிற நிலைக்கு எங்களைக் கொண்டுவராதீர்கள்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தது. நுவரெலியா, கண்டி, பதுளை மாவட்டங்களில் மலைகள் சரிந்ததை நீங்களும் பார்த்தீர்கள். பிரதான வீதி அடைபட்டுக் கிடந்த நாட்களில் எங்கள் பக்கத்துக்கு அரிசியும் மாவும் தோட்டப் பாதைகளில் தலைச்சுமையாகவும் சைக்கிள் கரியரிலும்தான் வந்தன. சரிந்த இடங்களில் எது உறுதியாக நிற்கிறது, எது இன்னும் நகர்கிறது என்பது அங்கே கான் வெட்டுகிற ஆட்களுக்குத் தெரியும். உங்கள் திட்டத்தில் மண்சரிவு என்ற பேச்சே வரவில்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 24 மணித்தியாலத்தில் பெய்கிற மழையை 75, 100, 150 மில்லிமீட்டர் என்று அளவு வைத்து எச்சரிக்கை தருகிறது. அதைப் பார்த்துப் பாதையைத் திறக்கவும் மூடவும் யாராவது பொறுப்பாக இருக்க வேண்டாமா? பனிமூட்டத்துக்குள் மொபைல் சிக்னலும் இல்லாமல் நிற்கிற வெளியூர்க்காரருக்கு அந்தச் செய்தி எப்படிப் போய்ச் சேரும்?

ஆகவே கேட்பவை இவை.

அந்த மூன்று கோடுகளோடு வரைபடத்தை அச்சிட வேண்டாம், நிறுத்தி வையுங்கள். ஆக்ரா ஓயா, பூண்டுலோயா, பொகவந்தலாவை ஆகிய மூன்று பள்ளத்தாக்குகளின் வண்டிப் பாதைகளையும், ஊவாவில் ஒன்றையும் நேரில் வந்து பாருங்கள். ஜீப்பில் வேண்டாம், சைக்கிளில் வாருங்கள். வண்டி நான் தருகிறேன், 35 மில்லிமீட்டருக்குக் குறையாத டயரோடு. தெரிவு செய்கிற பாதைகளைப் பிரதேச சபைகளின் பொறுப்பில் பொதுப் பாதையாக எழுத்தில் பதிவு செய்து, குத்தகைக் கம்பனிகளிடம் கையெழுத்து வாங்குங்கள். பொதுப் பாதையாகப் பதிவான எதிலும் கேட்டோ சங்கிலியோ ரூம் சீட்டோ இருக்கக் கூடாது என்று அதில் ஒரு நிபந்தனை சேருங்கள்.

திருத்த வேலையைத் தண்டவாள மூடிகளிலிருந்தும் பாசிக் கொங்கிரீட்டிலிருந்தும் தொடங்குங்கள், கார்பெட்டிலிருந்து அல்ல. கார்பெட் போட்டால் வானும் வந்துவிடும், பிறகு அதுவும் இன்னொரு ஏ7. வேலையை அந்தந்தத் தோட்டத்து இளைஞர்களுக்கே கொடுங்கள். பிரதான வீதியைத் தவிர்க்கவே முடியாத துண்டுகளில் ஓரத்தை மண் நிரப்பி மட்டம் செய்து, கான்களுக்கு மூடி போடுங்கள். மழை அளவைப் பார்த்துப் பாதையை மூடுகிற அதிகாரமும் அதற்கொரு தொலைபேசி எண்ணும் உள்ள ஒருவரை ஒவ்வொரு பள்ளத்தாக்கிலும் நியமியுங்கள். அறிவிப்புப் பலகை சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மட்டும் வந்தால் அந்தப் பாதையில் வாழ்கிறவர்களால் வாசிக்க முடியாது, தமிழும் வேண்டும். கூட்டத்தில் கொடுத்த திட்ட ஆவணத்துக்கும் இது பொருந்தும்.

அடுத்த கூட்டத்தை டவுன் ஹோட்டலில் வைக்காமல் டயகமவிலோ பொகவந்தலாவையிலோ ஒரு ஞாயிற்றுக்கிழமை வையுங்கள். மற்ற நாட்களில் எங்கள் ஆட்கள் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருப்பார்கள், வரமாட்டார்கள். கூட்டத்துக்கு முன்னால், நான் கேட்ட கேள்விக்கான பதிலை, எந்தப் பாதை யாருக்குச் சொந்தம் என்று நீங்கள் விசாரித்து அறிந்த விவரத்தோடு, எழுத்தில் தாருங்கள். ஒரு மாதத்துக்குள் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பம் கொடுப்பேன். படிவத்தை ஏற்கெனவே எடுத்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தலவாக்கலைச் சைக்கிள் கடைக்காரன்